கம்பிப் பிரேக்கின் வரலாறு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியே மிதிவண்டியில் செல்வோருக்குப் பிரேக்கின் அருமை எளிதில் விளங்காது. பிட் தெரு என முன்னாளில் வழங்கிய அச்சாலை கடலோரச் சமநிலத்தில் அமைந்தது. 1801இல் காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசலருகே மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானே ஓய்ந்துவிடும். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் விடுமுறைதோறும் அங்கே வண்டி ஓட்டியிருக்கிறேன். தோட்டத்துச் செம்மண் சரிவில் வளர்ந்த எனக்குப் பிரேக்கில் கை வையாமற் செல்வது புதுமையாக இருந்தது.

எந்தையாரின் வண்டி கம்பிப் பிரேக் உடையது. ஞாயிறு மாலைகளில் வாசலில் அதைக் கவிழ்த்து வைத்துத் தாமே சரிசெய்வார். கடைக்குக் கொண்டுசென்றதை நான் கண்டதில்லை. அப்பிரேக் நம்மவரிடையே நெடுங்காலம் நிலைத்தது எதனால் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பழைய உயரச் சக்கர வண்டிகளில் கரண்டி போன்ற ஒரு தகடு சக்கரத்தின் மேற்பரப்பை அழுத்தியே வேகத்தைக் குறைத்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். காற்று டயரை இரும்புத் தகடு தேய்த்தால் ரப்பர் அழியுமன்றோ? ஆகவே அழுத்தம் டயரை விட்டு இரும்பு வளையத்துக்கு மாறியது. கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இழுத்தால் கம்பி மேலெழும். அதன் நுனியிலுள்ள லாட வடிவச் சட்டம் இரு ரப்பர்க் கட்டைகளை வளையத்தின் உட்புறத்தில் பதிக்கும். 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானிய மிதிவண்டிப் படையினர், டயர் கிழிந்தபின் வெறும் வளையத்திலேயே ஓட்டினர். வளையத்தைப் பற்றும் பிரேக்குக்கு டயர் வேண்டுவதில்லை.

1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பார் சுருள் உறைக்குள் ஓடும் கம்பிவடத்துக்குக் காப்புரிமை கோரினார். இவரையும், நாட்டிங்ஹாமில் ராலே நிறுவனத்தைத் தோற்றுவித்த பிராங்க் பௌடனையும் ஒருவரெனக் கொள்வோர் உளர், அது பிழை. வடம் இலேசானது, வேண்டியவாறு வளைந்து செல்வது. எனினும் மழை மிகுந்த நாட்டில் உறைக்குள் நீர் புகும், துரு ஏறும், இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் அறும். கம்பிப் பிரேக்கிலோ எல்லா உறுப்பும் வெளியே நிற்கின்றன. ஒரு ஸ்பேனர் போதும். சென்னையில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றிய பின்னரும் தமிழகச் சிற்றூர்களில் கம்பிப் பிரேக் வண்டிகள் பெருவழக்காக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எந்தையார் முதலில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பார். வளையம் கோணியிருந்தால் பிரேக்கைத் தொட்டுப் பயனில்லை. பின்னர்க் கம்பிகள் சேருமிடத்துத் திருகைத் தளர்த்தி, கட்டைகள் வளையத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்குமாறு சட்டத்தை உயர்த்தி இறுக்குவார். அளவுகோல் எடுத்ததில்லை, மடித்த தீப்பெட்டி அட்டையை இடையில் செருகுவார். சட்டம் பக்கவாட்டில் விலகாமல் ஃபோர்க்கில் பிடித்திருக்கும் வழிகாட்டிகளைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவை நகர்ந்தால் ஒரு கட்டை உரசும். மற்றொன்று தொடவே தொடாது.

சென்ற ஆண்டு எம் பள்ளி மாணவன் ஒருவன் லயன்வீடுகளுக்கு இறங்கும் சரிவில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். அவனுடையது வடப் பிரேக். நெம்புகோலருகே உறையின் வாய்க்குள் இழைகள் அறுந்திருந்தன. சில வாரங்களாகச் செருப்புக் காலைத் தரையில் தேய்த்தே வண்டியை நிறுத்தி வந்தானாம். அவ்வண்டியை நாள்தோறும் பள்ளி வாசலில் பார்த்தவன் நான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் வண்டிகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். வடம் தளர்ந்திருந்தால் உருளைத் திருகை வெளிப்புறமாகத் திருப்பினாற் போதும், கட்டை நெருங்கும். இதை இரண்டாம் ஆண்டுப் பிள்ளையும் செய்கிறது. நெம்புகோலை முழுதும் இழுத்து உறையின் வாயில் விளக்கடித்துப் பார்க்கும் வேலைதான் அவர்களுக்குச் சலிப்பூட்டுகிறது. அதை நான் செய்கிறேன்.