கெட்டவள் வேடம் மட்டும் காலி

"தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று இட ஒதுக்கீட்டை மறுக்கச் சொல்வார்களே, ஹாலிவுட்டும் அதைச் சொன்ன இடம்தான். 1937இல் வந்த 'தி குட் எர்த்' சீன விவசாயக் குடும்பத்தின் கதை. கணவனாக பால் முனி, மனைவி ஓ-லானாக லூயிஸ் ரெய்னர். இருவரும் வெள்ளையர், ஒப்பனையால் சீனர் ஆனவர்கள்.

தகுதியான ஆள் இல்லாமலா? லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நட்சத்திரம் அன்னா மே வாங் இருந்தார். ஓ-லான் வேடத்தை விரும்பியும் இருந்தார். ஆனால் வெள்ளையரும் பிற இனத்தவரும் திரையில் இணையக் கூடாது என்பது அன்றைய தணிக்கை நடைமுறை. கணவன் வேடத்தை வெள்ளையருக்குக் கொடுத்தாயிற்று. பிறகு மனைவியாகச் சீனப் பெண் எப்படி வருவார்? முதல் அநீதியே இரண்டாவதற்குச் சட்டக் காரணம் ஆகிவிட்டது. சாதியும் இப்படித்தானே வேலை செய்கிறது!

அவரிடம் பேசியது, குடும்பத்தைக் கெடுக்கும் இரண்டாவது மனைவி வேடத்தைப் பற்றி. அவர் அதை ஏற்கவில்லை.

ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. தன்னை ஆசியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் சிறந்த நடிகைக்கான அதே விருதை வாங்கியது 2023இல், மிஷெல் யோ. இங்கே சேரிப் பெண் வேடத்துக்குச் சிவந்த நடிகை முகத்தில் இன்னமும் கறுப்பு பூசிக்கொண்டிருக்கிறோம்.