யூலை நான்கும் யூலை ஐந்தும்

ஒரு நாடு தன் விடுதலைத் திருநாளைக் கொண்டாடும் முறையிலே அந்நாட்டு மக்களின் வரலாற்றறிவும் சமய உணர்வும் ஒருங்கே புலப்படும். ஐக்கிய அமெரிக்காவின் யூலை நான்காந் திகதி இதற்குத் தக்க சான்றாகும். கிறித்தவப் பெற்றோரும் ஆசிரியரும் பலர் அந்நாளைப் பிள்ளைகளுக்கு நாட்டு வரலாற்றையும் வேதத்தையும் இணைத்துப் புகட்டும் நாளாகக் கொள்கின்றனர். மனிதரின் உரிமைகள் படைத்தவன் அளித்தவை என 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனமே கூறுவதால், இவ்விணைப்பு வியப்புக்குரியதன்று. அதனை நாம் குறைகூற வரவில்லை. எந்த வரலாறு கற்பிக்கப்படுகின்றது, வேதம் எவர் பக்கம் நின்று வாசிக்கப்படுகின்றது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்டோரை அடிமைகளாக உடையவர். அவர் எழுதிய முதல் வரைவில் அடிமை வாணிகத்தின் பழியைப் பிரித்தானிய மன்னர் மீது சுமத்தும் பகுதியொன்று இருந்தது. காங்கிரஸ் அதனை நீக்கிவிட்டது. தென் கரோலினா, ஜோர்ஜியா ஆகியவற்றைத் திருப்திப்படுத்தும் பொருட்டும், அடிமைகளைக் கப்பலேற்றி ஆதாயங் கண்ட வடபகுதியினர் சிலரின் கூச்சங் காரணமாகவும் அது நீக்கப்பட்டதென ஜெபர்சனே பின்னர் எழுதியுள்ளார். இவ்வாறு பிறந்த குடியரசில் 1850ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 32 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகளாயிருந்தனர். அவர்தம் உழைப்பே தெற்கின் பருத்திச் செல்வத்துக்கு ஆதாரமாயிருந்தது. வடக்கின் நெசவாலைகளும் வங்கிகளும் அதனாற் பயன் பெற்றன.

நியூயோர்க் மாநிலத்தில் எஞ்சியிருந்த அடிமைகள் 1827 யூலை 4 முதல் விடுதலை பெறுவர் என 1817இல் சட்டமியற்றப்பட்டது. நாடும் அவர்களும் ஒரே நாளில் விழா எடுத்திருக்கலாம். ஆயினும் கறுப்பின மக்களுட் பலர் யூலை 5ஐயே தம் விழா நாளாகத் தெரிந்தனர். யூலை நான்கில் ஊர்வலஞ் செல்லும் கறுப்பினத்தார் வெள்ளையர் கும்பல்களின் தாக்குதலுக்கு அஞ்சவேண்டியிருந்தது. அத்துடன், தம் இனத்தார் தெற்கில் விலங்கு பூண்டிருக்கையில் நான்காந் திகதி தமக்கு முழுமையாக உரியதன்று என்ற உணர்வும் இருந்தது. ஒரு நாள் இடைவெளியிலே ஒரு சமுதாயத்தின் கண்டனம் அடங்கியிருந்தது.

இந்த மரபிலேயே, 1852 யூலை 5ஆந் திகதி, றொச்செஸ்ரர் நகரின் கொறிந்தியன் மண்டபத்தில் பிரெடரிக் டக்ளஸ் உரையாற்றினார். அவரை அழைத்தது அந்நகர் மாதர் அடிமை ஒழிப்புச் சங்கம். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து 1838இல் தப்பிய அவருக்குக் கல்வி எளிதிற் கிட்டவில்லை. பால்ரிமோரில் எசமானி எழுத்தறிவிக்கத் தொடங்கியபோது, படித்தவன் அடிமையாயிரான் எனக் கூறி அவள் கணவன் தடுத்தான். பின்னர், டக்ளஸ் ஏனைய அடிமைகளுக்கு வேதாகமம் வாசிக்கக் கற்பித்த ஓய்வுநாட் பாடசாலையைக் கலைத்தோர் மெதடிஸ்த சபையின் பக்தர்களே. மற்றோர் எசமானர் 1832இல் மனந்திரும்பிப் பக்தரானபின் முன்னிலுங் கொடியவரானார் எனத் தம் வரலாற்று நூலில் அவர் குறிப்பிடுகின்றார்.

இத்தகையவர் மேடையேறியபோது முன்னோரைப் பழிக்கவில்லை. அவர்தம் வீரத்தைப் போற்றினார். இஸ்ரவேலருக்குப் பஸ்கா எவ்வாறோ அவ்வாறே உங்களுக்கு இந்நாள் என்றார். ஆனால் உரை முழுவதிலும் அவர் அவ்விழாவை 'உங்கள்' விழா என்றே சுட்டினார். அடிமைக்கு இந்நாள் யாது என்ற வினாவை எழுப்பி, ஆண்டின் ஏனைய நாட்களினும் மிகுதியாகத் தான் படும் அநீதியை உணர்த்தும் நாள் இதுவே என விடை தந்தார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கக் கட்டளையிட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்க்காத திருச்சபைகளைக் கடிந்தார். எனினும் அவர் விசுவாசத்தைத் துறக்கவில்லை. நம்பிக்கையோடேயே உரையை முடித்தார். பஸ்காவை அவர் எடுத்தாண்டதன் வலிமையை உணர ஒன்றை நினைவு கூரலாம்: 1807இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென இலண்டனில் அச்சிடப்பட்ட வேதாகமத் தொகுப்பில், எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலை பெற்ற வரலாறு விடப்பட்டிருந்தது.

இது கடல் கடந்த செய்தியெனினும் நமக்கும் இதனோடு உறவுண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினறியை நிறுவியது அமெரிக்க மிஷன். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பயின்ற அந்நிலையத்துக்குத் தமிழ் கடமைப்பட்டுள்ளது. ஆனால் அம்மிஷனை அனுப்பிய அமெரிக்கன் போர்ட், அடிமை உடையோரின் நன்கொடைகளையும் பெற்றது. செரோக்கி, சொக்ரோ மக்களிடையே அது நடத்திய சபைகளில் அடிமை உடையோர் உறுப்பினராயிருந்தனர். இதனைப் பொறாத கிறித்தவர்கள் 1846இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேசன் என்னும் தனிச்சங்கம் கண்டனர். உள்நாட்டுப் போரின்பின், விடுதலை பெற்றோருக்கு 1866இல் திறக்கப்பட்ட பிஸ்க் கல்லூரி போன்ற நிலையங்களை நிறுவுவதில் முன்னின்றதும் அச்சங்கமே. ஒரே வேதத்தை ஏந்தியோர் இரு வழி சென்றனர். நம் பாடநூல்கள் மிஷனின் கல்வித் தொண்டைக் கூறுமளவில் இவ்விரு வழிகளையுங் கூறுவதில்லை.

அடிமைத்தனம் அரசியலமைப்பின் 13ஆந் திருத்தத்தால் 1865இல் ஒழிந்தது. அவ்வாண்டு யூன் 19இல் ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரனில் விடுதலை அறிவிக்கப்பட்டதன் நினைவு நாள், 2021இலேயே கூட்டாட்சி விடுமுறையாயிற்று. அதே ஆண்டில், இன ஒடுக்குமுறையைப் பற்றி வகுப்பறையில் எவ்வாறு பேசலாமென வரையறுக்குஞ் சட்டங்களைச் சில மாநிலங்கள் இயற்றின. விழா நாள் கிடைத்தது. அதன் காரணத்தை விளக்கும் ஆசிரியரின் வாய்க்குக் கட்டுப்பாடும் வந்தது.

வரலாறு கற்பிப்போராகிய நாம் மாணவர் முன் பிரகடனத்தையும் டக்ளஸின் உரையையும் அருகருகே வைத்தல் வேண்டும். நாட்டுப்பற்று இதனாற் குறையுமென அஞ்சுவோர் உளர். நாட்டின் வாக்குறுதியை டக்ளஸைப்போல் மெய்யென எடுத்துக்கொண்டோர் சிலரே; ஆதலாலேயே அது நிறைவேற்றப்பட வேண்டுமென அவர் வற்புறுத்தினார். எந்நாட்டுச் சுதந்திர தினத்திலும் கொடியேறும் வேளையில், அந்நாளை 'உங்கள் நாள்' என இன்னும் சொல்லவேண்டிய நிலையில் உள்ளோர் யாவர் என மாணவன் வினவக் கற்பானாயின், அவனுக்கு வரலாறு கற்பித்த பயன் நமக்குக் கிட்டியதாகும்.