சேய்ப் பிராசஸ்: 27 வரிகளில் தொடங்கிய கதை

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தன் வேலையின் ஒரு பகுதிக்காக இன்னொரு நிரலைத் தொடங்கிவைத்தால், தொடங்கியதைத் தாய்ப் பிராசஸ் என்றும் தொடங்கப்பட்டதைச் சேய்ப் பிராசஸ் என்றும் சொல்வார்கள். வகுப்பறையில் புழங்கும் பெயர் ‘சைல்ட் பிராசஸ்’. சேயைத் தொடங்குவது, அதற்கு வேண்டிய உள்ளீட்டைக் கொடுப்பது, முடியும்வரை காத்திருப்பது, என்ன ஆயிற்று என்று கேட்டு வாங்குவது, அடங்காவிட்டால் நிறுத்துவது எல்லாமே தாயின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யூனிக்ஸ் ஒரு விதமாகவும் விண்டோஸ் வேறு விதமாகவும் வகுத்துவைத்திருக்கின்றன.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் எடுத்த ஒவ்வொரு மாணவரும் இந்த வேலையைச் செய்துபார்க்க வாய்ப்பு உண்டு. பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்குவதற்கென்றே தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒரு பாடம் இருக்கிறது. அதன் உயிர் ‘ஓஎஸ் டாட் சிஸ்டம்’ என்ற ஒரு வரியில் இருக்கிறது. ஜி பிளஸ் பிளஸ் என்ற சொல்லையும் கோப்பின் பெயரையும் ஒட்டி ஒரே சரமாக, கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லிடம் அந்த வரி ஒப்படைக்கிறது. மாணவர் என்டரைத் தட்டிய அரை நொடியில் ஒரு குடும்பமே பிறந்து முடிந்துவிடும். பைத்தான் தாய். அது ஷெல்லைப் பெறுகிறது. ஷெல் ஜி பிளஸ் பிளஸைப் பெறுகிறது. ஜி பிளஸ் பிளஸோ தானே மொழிபெயர்ப்பதில்லை. கம்பைலர், அசெம்பிளர், லிங்கர் என்று தனித்தனி நிரல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, ஒவ்வொன்றும் முடியக் காத்திருக்கிறது. பேரன், கொள்ளுப்பேரன் வரை போகிற கதை இது.

வேரைத் தேடினால் 1963இல் போய் நிற்கும். மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியியலாளர் பல செயலிகள் கொண்ட கணினியைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘ஃபோர்க்’, ‘ஜாயின்’ என்ற இரண்டு கட்டளைகளை முன்வைத்தார். ஓட்டம் ஓரிடத்தில் கிளைபிரிந்து, பிறகு ஒன்றுசேரும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜீனி என்ற நேரப்பகிர்வு அமைப்பில் ஃபோர்க் என்ற பெயரிலேயே ஒரு வசதி வந்தது. கென் தாம்ப்சன் படித்தது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸைத் தொடங்கியபோது, அவரும் டென்னிஸ் ரிச்சியும் அந்த வசதியை எடுத்துக்கொண்டார்கள்.

ஃபோர்க் செய்வது ஒன்றே ஒன்றுதான்: தாயை அப்படியே நகலெடுக்கிறது. பிடிபி-7இல் இதற்கு அசெம்பிளி மொழியில் சரியாக 27 வரிகளே தேவைப்பட்டன என்று ரிச்சி 1979இல் எழுதினார். நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவைக்கும் வழி ஏற்கெனவே இருந்ததால், நகல் கிட்டத்தட்ட இனாமாகக் கிடைத்தது. அன்றைய கையிருப்புக்கு ஏற்ற எளிய வழி. பிறகு வந்த யூனிக்ஸ் குடும்பம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோர்க் வந்த புதிதில், கோப்புறை மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யாமல் போனது. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகே காரணம் புரிந்தது. முன்பு முனையத்துக்கு ஒரு பிராசஸ்தான் இருந்தது. இப்போது அந்தக் கட்டளை சேயாகப் பிறந்து, தன் கோப்புறையை ஒழுங்காக மாற்றிக்கொண்டு, உடனே முடிந்துபோகிறது. தாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்த ஒரு கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே வைத்தார்கள். இன்றும் ஒரு மாணவர் பைத்தானில் ‘ஓஎஸ் டாட் சிஸ்டம்’ வழியாகக் கோப்புறையை மாற்றிப் பார்த்தால் எதுவும் மாறாது. பெல் ஆய்வுக்கூடத்தைக் குழப்பிய அதே காரணம்தான்.

நகலெடுத்தால் மட்டும் புதிய நிரல் ஓடிவிடாது. அதற்கு ‘எக்ஸெக்’. விசைத்தறி ஓசை கேட்டு வளர்ந்த சங்கரன்கோவில்காரருக்கு இதை விளக்குவது சுலபம். பாவு தீர்ந்ததும் தறியைக் கழற்றிப் போடுவதில்லை. அச்சும் விழுதும் அப்படியே இருக்க, புது பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு முடிந்து இழுத்துக்கொள்கிறார்கள். எக்ஸெக்கும் அப்படித்தான். பிராசஸின் எண்ணும் திறந்திருக்கும் கோப்புகளும் அப்படியே இருக்க, உள்ளே ஓடும் நிரல் மட்டும் மாறுகிறது. ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் யூனிக்ஸின் பெரிய பலம். அந்த இடைவெளியில் சேய் தன் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பலாம், குழாய் வழியாக இன்னொரு நிரலோடு இணைக்கலாம். புதிதாக வரும் நிரலுக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை.

நகல் என்றால் முழு நகல். இதை அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் இயக்க அமைப்பு ஆய்வகத்தில் சி நிரல் எழுதியவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஃபோர்க்குக்கு முன்னால் ஒரே ஒரு வரி அச்சிடும் நிரலைத் திரையில் ஓட்டினால் வரி ஒரு முறை வரும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் அதே வரி இரண்டு முறை வரும். இன்னும் எழுதப்படாமல் இடையகத்தில் தங்கியிருந்த எழுத்துகளையும் சேர்த்தே சேய் நகலெடுத்துக்கொண்டது. முடியும்போது இருவரும் எழுதுகிறார்கள்.

சேய் முடிந்த பிறகும் அதன் பெயர் பதிவேட்டிலிருந்து போவதில்லை. தாய் ‘வெயிட்’ கட்டளையால் முடிவைக் கேட்டு வாங்கும்வரை ஒரு பதிவு மிச்சமிருக்கும். அதற்கு ‘ஸோம்பி’ என்று பெயர். தாய் முந்திக்கொண்டு முடிந்துவிட்டால், அநாதையான சேயைப் பொதுவாக 1ஆம் எண் பிராசஸ் தத்தெடுத்து அந்தக் கடமையைச் செய்கிறது. நீண்ட நாள் ஓடும் சர்வரில் வெயிட் எழுத மறந்தால் ஸோம்பிகள் சேர்ந்து சேர்ந்து, புதிய பிராசஸுக்கு எண்ணே கிடைக்காத நிலை வரலாம்.

விண்டோஸின் வம்சம் வேறு. விஎம்எஸ் இயக்க அமைப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். அவர் தலைமையில் உருவான விண்டோஸ் என்டி 1993இல் வெளியானது. அதன் ‘கிரியேட் பிராசஸ்’ நகலெடுக்காது, புதிதாகவே கட்டும். ஃபோர்க்குக்கு ஓர் அளபுரு கூடக் கிடையாது, இதற்குப் பத்து. எந்த நிரல், எந்தக் கோப்புறை, எந்தச் சூழல், எவற்றைச் சேய்க்கு விட்டுக்கொடுப்பது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். தாய்–சேய் பந்தமும் அங்கே தளர்வானது. தாய் போனாலும் சேய் தன்பாட்டுக்கு ஓடும், தத்தெடுப்பவர் கிடையாது. ஒரு குடும்பத்தை மொத்தமாகக் கட்டி நிறுத்துவதற்கான ‘ஜாப் ஆப்ஜெக்ட்’ விண்டோஸ் 2000இல்தான் வந்தது.

இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பார்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கிடைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்த கணினிகளில் விண்டோஸும், சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அப்படியொரு கணினியில் பாடநூலின் அந்த ஒரு வரியை, பிழையுள்ள சி பிளஸ் பிளஸ் கோப்போடு ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு வெளியே வரும். விண்டோஸில் திரும்பிவரும் எண் 1. லினக்ஸில் அதே பிழைக்கு 256. யூனிக்ஸ் கொடுப்பது வெறும் முடிவெண் அல்ல. சேய் தானாக முடிந்ததா, யாராவது நிறுத்தினார்களா என்ற செய்தி கீழ்ப் பைட்டிலும், முடிவெண் மேல் பைட்டிலும் இருக்கிறது. அதனால்தான் 1, 256 ஆகிறது.

இன்னொரு வேறுபாடு ஆபத்தானது. யூனிக்ஸில் எக்ஸெக்குக்குப் போகும் சொற்கள் தனித்தனியாகப் போகின்றன. விண்டோஸில் எல்லாம் ஒரே சரம். அதைச் சேய்தான் பிரித்துப் படிக்க வேண்டும், ஒவ்வொரு நிரலும் தன் வழக்கப்படி. 2024 ஏப்ரலில் ரஸ்ட் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இதிலிருந்து வந்தது. கட்டளைகளைத் தொகுத்து எழுதிய ‘பேட்’ கோப்புகளை விண்டோஸ் ஓசையில்லாமல் கமாண்ட் ஷெல்லிடம் கொடுக்கிறது, அந்த ஷெல்லின் மேற்கோள்குறி விதியோ வேறு. ரஸ்டில் அந்த ஓட்டைக்குக் கொடுக்கப்பட்ட அபாய மதிப்பு 10க்கு 10. பாடநூல் வரியிலும் சிறிய அளவில் இதே பலவீனம் உண்டு: கோப்பின் பெயருக்குள் ஓர் இடைவெளி இருந்தால் ஜி பிளஸ் பிளஸ் அதை இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும். 2004இல் பைத்தான் 2.4 கொண்டுவந்த ‘சப்பிராசஸ்’ தொகுதியில் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் குறுக்கே வருவதில்லை, பெயரும் உடைவதில்லை. பள்ளி அளவிலேயே இதைச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

ஃபோர்க்கின் எளிமைக்குப் பின்னாளில் விலை கொடுக்க நேர்ந்தது. நினைவகம் பெருகியபோது முழு நகல் சுமையானது. எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் உத்தி அதைச் சமாளித்தது. ஆனால் ஒரே பிராசஸுக்குள் பல திரெட்கள், அதாவது பல இணை ஓட்டங்கள், இருக்கும் நிரலில், ஃபோர்க்கை அழைத்த திரெட் மட்டுமே சேயில் உயிரோடிருக்கும். மற்ற திரெட்கள் போட்ட பூட்டுகள் பூட்டியபடியே நிற்கும், திறக்க ஆளில்லாமல். 1999இல் யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரம், நகலெடுக்காமல் நேரடியாகத் தொடங்கும் ‘ஸ்பான்’ என்ற வழியைச் சேர்த்தது. 2019இல் ஆண்ட்ரூ பாவ்மன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், ஃபோர்க்கின் காலம் முடிந்துவிட்டது என்றே வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டு, வேலையைப் பல பிராசஸ்களாகப் பிரித்து ஓட்டும் வசதியில், பைத்தான் 3.8 மேக் கணினிகளில் ஃபோர்க்கை இயல்புவழியாக வைத்திருப்பதைக் கைவிட்டது. 2025இல் வந்த 3.14 பதிப்பில் லினக்ஸிலும் அதன் இயல்புவழி மாறியது. அப்படிப் பிரிந்து ஓடும் பைத்தான் நிரல் இப்போது ‘ஃபோர்க் சர்வர்’ என்ற ஒரு சிறிய பிராசஸை முதலிலேயே தனியாக வைத்துக்கொள்கிறது. திரெட் எதுவும் சேராத அந்தச் சிறியதிலிருந்துதான் பிறகு ஒவ்வொரு சேயும் நகலெடுக்கப்படுகிறது.