கம்பங்கூழ்

கம்பு மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, மோரில் கரைத்துக் குடிக்கும் காலை உணவு. கடலூர் மாவட்டத்தின் மேற்கே, விருத்தாசலத்தை அடுத்த மங்களூர் ஒன்றியம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் வெயில் ஏறுமுன் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பசியையும் தாகத்தையும் ஒருசேரத் தீர்த்தது இதுதான். இன்று அந்த நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் முந்திக்கொண்டன. கூழ் பெரும்பாலும் ஆடி மாத அம்மன் கோயில்களிலும் சாலையோரத் தள்ளுவண்டிகளிலும் கிடைக்கிறது.

கம்பைத் தண்ணீர் தெளித்து இடித்து, உமி புடைத்து, மாவாக்கிக் கரைத்து ஓர் இரவு புளிக்க விடுவார்கள். மறுநாள் நொய்யரிசி வெந்துகொண்டிருக்கும் உலையில் அதை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி இறக்குவார்கள். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால், காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கையாலேயே கரைத்துவிடலாம். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், கொத்தவரை வற்றல்.

100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் கம்பிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். புளிக்கவைத்தால் அந்த அமிலம் குறையும்.

வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் கூழ் ஈடுசெய்கிறது. தொட்டுக்கொள்ளும் வற்றலில்தான் உப்பு எல்லை மீறுகிறது: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.