புள்ளிகளால் ஆன வானம்

பழைய கணிப்பொறிகளைப் பாதுகாப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றின் மூளையோடு நின்றுவிடுகிறது. முகத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நிரலின் மூலம் நம் கையில் இருக்கிறது. அதை இயக்கிக்காட்டும் போலிப்பொறியும் மேசைமேல் இருக்கிறது. அப்படியிருக்க, வழக்கொழிந்துபோன ஒரு திரையை உயிர்ப்பிக்க எதற்காக இத்தனை பாடு? கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் 2003ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மீட்புப் பணி ஒன்று இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது.

அங்கே மீட்கப்பட்ட பொறியின் பெயர் பிடிபி-1. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1959இல் வெளியிட்ட அந்நிறுவனத்தின் முதல் கணிப்பொறி அது. விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். மொத்தத்தில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட பொறிகளே செய்யப்பட்டன. அடிப்படை நினைவகம் 18 பிட் அகலமுள்ள 4,096 சொற்கள் மட்டுமே. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை யுனிகோடில் சேமித்தால் அது அந்த நினைவகத்தில் அடங்காது.

அதனோடு இணைக்கப்பட்ட டைப் 30 என்னும் திரை, ராடாருக்காக உருவான வட்ட வடிவ எதிர்மின் கதிர்க்குழல். நம் தொலைக்காட்சிப் பெட்டியின் குழலைப்போல அது வரிவரியாகத் திரையைத் துழாவுவதில்லை. நிரல் இரண்டு எண்களைக் கொடுக்கும். ஒன்று கிடைத்தளத்துக்கு, மற்றொன்று செங்குத்துக்கு. ஒவ்வொன்றும் பத்து பிட். அவை மின்னழுத்தமாக மாறி, கதிரை அந்த இடத்துக்குத் திருப்ப, அங்கே ஒரு புள்ளி ஒருமுறை மின்னி மறையும். அவ்வளவுதான் அந்தத் திரைக்குத் தெரிந்த வேலை. புள்ளி வைக்கத்தக்க இடங்கள் பத்து லட்சத்துக்கும் மேல்; நொடிக்கு வைக்க முடிந்த புள்ளிகளோ ஏறத்தாழ 20,000. திரை முழுவதையும் ஒருமுறை நிரப்ப வேண்டுமானால் ஐம்பது நொடிக்கு மேல் ஆகும். தான் வரைந்ததைத் திரை நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. படம் நிலைக்க வேண்டுமென்றால் கணிப்பொறி ஓயாமல் புள்ளிகளை மீண்டும் மீண்டும் இட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வறுமைக்குள்தான் ஒரு புகழ்பெற்ற விளையாட்டு பிறந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1961இல் வந்துசேர்ந்த பிடிபி-1இல், ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962இல் ஸ்பேஸ்வார் என்னும் விண்போரை எழுதினார்கள். இரண்டு கலங்கள், நடுவே ஈர்ப்புவிசையுள்ள ஒரு விண்மீன். ஈர்ப்பைச் சேர்த்தவர் டான் எட்வர்ட்ஸ். அந்தக் கணக்குக்கு நேரம் போதாமல் போகவே, கலங்களின் உருவத்தை வரையும் பகுதியை அவர் வேகமாக்கி நேரத்தை மிச்சம் பிடித்தார். ஆனாலும் குண்டுகளை ஈர்ப்புக்கு உட்படுத்த நேரம் மிஞ்சவில்லை; அவை நேர்கோட்டிலேயே போயின. பின்னணியில் பீட்டர் சாம்சன் உண்மையான இரவு வானத்தை வைத்தார். நாள்மீன் அட்டவணைகளிலிருந்து எடுத்த இடங்களில், ஒளி மிகுந்த விண்மீனுக்கு அதே புள்ளியைப் பலமுறை மின்னவிட்டு, ஒளியின் ஏற்றத்தாழ்வைக்கூடக் கொண்டுவந்தார்.

இனி அந்தத் திரையின் பூச்சுக்கு வருவோம். பி7 என்று பெயரிடப்பட்ட அதில் இரண்டு அடுக்குகள். கதிர் பட்டவுடன் ஒன்று நீலமாகப் பளிச்சிட்டு அணையும். அந்த ஒளியை வாங்கிய மற்றொன்று மஞ்சள் கலந்த பச்சையாகச் சில நொடிகள் கனன்று மெல்ல மங்கும். ராடார் பார்ப்பவர் விமானத்தின் தடத்தைக் காண்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. விளையாட்டிலோ, நகர்ந்துபோன கலத்தின் பின்னால் அதன் கடந்தகாலம் வால்போல நீண்டு கரைகிறது. இந்த அழகு நிரலின் எந்த வரியிலும் எழுதப்படவில்லை. பிற்காலத்தில் ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு போலிப்பொறி மூல நிரலையே இயக்கிக் காட்டியது. கலங்கள் சரியாகவே நகர்ந்தன. ஆனால் அந்த வாலை வேண்டுவோர், அதைத் தனியாகக் கணக்கிட்டுப் புதிதாக வரைந்தாக வேண்டும்.

ஓலையில் எழுதியவர்கள், எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அச்சுப் பிரதியை மட்டும் வாசிப்பவருக்கு அந்தத் தயக்கம் புலப்படாது. எழுதப்படும் பொருளுக்கும் எழுத்தில் பங்குண்டு.

மீட்பர்களின் வேலைக்கு வருவோம். பல்லாண்டு உறங்கிய பொறிக்கு எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் தர முடியாது, மின்தேக்கிகள் கெட்டுப்போயிருக்கும். மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி அவற்றைப் பழக்க வேண்டும். திரைக்கோ ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. கை தவறினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே வெற்றிடம் என்பதால் குழலை உடைத்துவிடும் அச்சமும் கூடவே இருக்கும். தன்னார்வலர்களின் உழைப்பால் பொறி உயிர்பெற்று, 2006இல் பொதுமக்கள் முன்னிலையில் விழாவும் நடந்தது. ரஸ்ஸலும் சாம்சனும் அந்தப் பணியில் பங்கெடுத்தார்கள். இளமையில் தாங்கள் எழுதியது அதே வகைத் திரையில், அதே நிறத்தில் மீண்டும் மின்னுவதைக் காணும் பேறு எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிட்டும்?

இதில் ஒரு துயரமும் உண்டு. எரியும் ஒவ்வொரு மணிநேரமும் அத்தகைய குழலின் ஆயுளைக் குறைக்கிறது. இருட்டறையில் வைத்தால் பொருள் நிலைக்கும், ஒளி இராது. ஓடவிட்டால் ஒளி இருக்கும், பொருள் தேயும். அருங்காட்சியகங்கள் வழக்கமாக முதல் வழியையே தேர்கின்றன; அதில் பிழை சொல்வதற்கில்லை. ஆனால் பார்த்தவர் ஒருவரேனும் மிஞ்சினால்தான், நாளை போலிப்பொறி எழுதுகிறவர் அந்தப் பச்சை எவ்வளவு நேரம் தங்கியது என்று கேட்டறிய முடியும். மங்குவதற்கென்றே செய்யப்பட்ட ஓர் ஒளியை மங்கவிட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.