தகர டிக்கட்டும் லாச்சியில் ஒட்டிய தாளும்

பதுளை டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்த எங்க பெரியம்மா மகள் ஒரு மாசக் கடைசியில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாங்க. ரீலோட் கணக்கில் காசு குறையுதாம். கடையில் மூணு பேர் வேலை, மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதையும் ஒரு தாளில் எழுதி லாச்சியின் உள்பக்கம் ஒட்டியிருந்தாங்க. யார் அனுப்பினது என்று பார்த்தால் கடையின் பேர் மட்டும்தான் வரும். கடைசியாகச் சேர்ந்தது அக்கா, அதுவும் தோட்டத்துப் பிள்ளை. சம்பளத்தில் பிடிச்சிட்டாங்க.

அந்த நேரம் நான் வளாகத்தில் தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றி ஒரு ஒப்படை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் வந்த இரண்டு பொருட்கள் அக்காவின் கதையோடு சேர்ந்து மண்டைக்குள் சுத்த ஆரம்பிச்சது.

முதலாவது தகர டிக்கட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லையைத் தொங்கவிட்டார்கள். அதில் தோட்டத்தின் அடையாளமும் ஆளின் இலக்கமும் பொறித்திருக்கும். வழிச்செலவு எல்லாம் அதை வைத்தே அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

இரண்டாவது 'துண்டு'. ஆங்கில ஆவணங்களிலும் இதே தமிழ்ச்சொல்தான்! இன்ன கங்காணியின் ஆட்களுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதைக் கொண்டுபோய்க் காட்டுவார், அடுத்த தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் மட்டும் தொழிலாளியின் தலையிலேயே நிற்கும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. சொல்லாமல் போனால் மறியல்கூட உண்டு. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். ஒரு மனிதன் வெளியே போவதற்கான சாவி அவ்வளவு காலமும் இன்னொருத்தர் மடியில் இருந்திருக்கு.

இப்ப லயத்தில் போய்க் கேட்டுப் பாருங்க. "பேஸ்புக் பாஸ்வேர்டா? அது போன் கடைத் தம்பிக்குத்தான் தெரியும்." கணக்கைத் திறந்து கொடுத்த கடையிலேயே, ஒரு கொப்பியில் ஊர்ச்சனத்தின் பாஸ்வேர்ட் எல்லாம் கிடக்கும். தம்பி நல்லவனாகவே இருக்கட்டும், கொப்பி தொலையாதா?

பாஸ்வேர்டே தெரியாதவர்கள் ஒரு பக்கம் என்றால், அடையாள அட்டை இலக்கத்தையே பாஸ்வேர்டாகப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருஷம், அடுத்த மூன்று அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள். பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அதன் போட்டோகொப்பி வங்கியிலிருந்து தோட்ட ஒபிஸ் வரை கிடக்குது. தகர டிக்கட்டின் இலக்கம் மாதிரி அதுவும் எல்லாரும் வாசிக்கக்கூடிய ஒன்று. அது எப்படி ரகசியமாகும்?

கம்பியூட்டரில் பாஸ்வேர்ட் வந்த கதையும் கடைக்கதைதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே இயந்திரத்தைப் பலர் பாவித்தார்கள். ஒருத்தர் வேலையை மற்றவர் தொடாமலிருக்க பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தது. 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கிடைத்த நேரம் போதாமல், பாஸ்வேர்ட் கோப்பையே அச்செடுத்துக்கொண்டார். எல்லாம் ஒரே இடத்தில் எழுதிக் கிடந்ததால் வந்த வினை. நம்ம லாச்சித் தாளுக்கு அண்ணன்!

ஆளுக்கொரு பாஸ்வேர்ட் என்றால் முதலாளிமார் தங்கள் காசைக் காப்பாற்றும் வழி என்றுதான் நினைக்கிறாங்க. எனக்கு அது வேலை செய்கிறவரின் மானத்தையும் காப்பாற்றுவதாகத் தெரியுது. அக்காவுக்குத் தனிக் கணக்கு இருந்திருந்தால் அன்றைக்கே "இது நான் அனுப்பினதில்லை" என்று காட்டியிருப்பாங்க. ஒரு கணக்குக்கு மேல் திறக்க முடியாத கடையென்றால், எந்த நேரம் யார் என்று ஒரு கொப்பியில் குறித்து ஆளாளுக்குக் கையெழுத்து வைக்கலாம். யாராவது விலகினால் அன்றைக்கே பாஸ்வேர்டை மாத்தணும். விலகிறவருக்கும் அது நல்லது, பிறகு எது காணாமல் போனாலும் அவர் பேர் வராது. மாசா மாசம் மாத்தச் சொல்லும் பழக்கத்தை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே கைவிட்டுவிட்டது. சம்பந்தமில்லாத நாலு சொல்லைச் சேர்த்து நீளமாக வைத்தால் ஞாபகமும் இருக்கும், ஊகிக்கவும் கஷ்டம்.

அக்கா இப்ப வேற கடையில். முதல் நாளே தனி லொகின் கேட்டிருக்காங்க. "என்ன தங்கச்சி, இது பேங்க்கா?" என்று முதலாளி சிரிச்சாராம். ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கார். பழைய கடையில் பிடிச்ச காசு இன்னும் வரல்ல.