ஊதிய விதிகளும் நாள்வரம்பும்

அரசுப் பணியாளர் தம் ஊதியம் பற்றி எழுப்பிய முறையீடுகளை ஆராய்வோர் பலரும் தொகையின் குறைவையே காரணமாகக் காட்டுவர். அஃது ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், இந்திய நடுவணரசுப் பணியின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்குப் பிறிதொன்றும் புலனாகும். ஒரே பணியைச் செய்வோரை ஒரு நாளைக் கொண்டு இரு கூறாக்கும் விதியே நெடுநாள் ஆறாத மனக்குறையை விளைவித்துள்ளது. அந்நாள்வரம்பு மூன்று காலங்களில் செயற்பட்ட முறையை ஈண்டு ஆராய்வாம்.

ஊதியம், ஆண்டு உயர்வு, விடுப்பு முதலியவற்றை வரையறுக்கும் 'அடிப்படை விதிகள்' 1922 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளால் கணக்கிடும் முறை தெளிவுற்றதேனும், ஊதிய விகிதத்தை மாற்றும் உரிமை அரசிடமே இருந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் வருவாய் சுருங்கவே, 1931இல் பணியிலிருந்தோர் ஊதியத்தில் பத்து விழுக்காடு குறைக்கப்பட்டது. அக்குறைப்புப் பின்னர் நீக்கப்பட்டது. ஆனால், அவ்வாண்டிற்குப் பின் பணியிற் சேர்ந்தார்க்கென வகுத்த தாழ்ந்த விகிதங்கள் நிலைத்துவிட்டன. ஒரே அலுவலகத்தில், ஒரே பணியாற்றிய இருவர், சேர்ந்த நாள் வேறுபட்டமையால் வெவ்வேறு ஊதியம் பெற்றனர். 1946இல் அமைந்த முதல் ஊதியக் குழு, சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில், அடிப்படை ஊதியம் 30 ரூபாயும் அகவிலைப்படி 25 ரூபாயும் சேர்த்துக் குறைந்த அளவு 55 ரூபாய் என 1947இல் பரிந்துரைத்தது. சிதறிக் கிடந்த விகிதங்களை ஒழுங்குபடுத்தும் முயற்சியும் அதனோடு தொடங்கிற்று.

நாள்வரம்பு இரண்டாம் முறை ஓய்வூதியத்தில் தோன்றிற்று. இறுதி 36 திங்கள் ஊதியத்தின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்பட்ட ஓய்வூதியம், 1979 மே 25ஆம் நாள் ஆணையால், இறுதி 10 திங்கள் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படலாயிற்று. இறுதி ஊதியமே உயர்ந்ததாதலின் இம்மாற்றம் பெரும்பயன் தருவது. ஆயின், 1979 மார்ச்சு 31 அன்றோ அதற்குப் பின்னரோ ஓய்வு பெற்றார்க்கே இப்பயன் என வரையறுத்தனர். அதற்கு முன் ஓய்வுற்ற முதியோர், அதே விலைவாசியைத் தாங்கியும், பழைய தொகையிலேயே நின்றனர்.

இவ்வரையறையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட நகாரா வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் 1982 திசம்பர் 17இல் தீர்ப்பளித்தது. தீர்ப்புரையை எழுதியவர் நீதிபதி டி. ஏ. தேசாய். ஓய்வூதியம் அரசின் அருட்கொடையன்று, ஆற்றிய பணிக்கு உரிய ஊதியமேயாம் என்பதும், ஓய்வுற்றோரை ஒரு நாளால் பிரித்தல் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு மாறானது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். எனினும், 1979 ஏப்பிரல் 1க்கு முற்பட்ட நிலுவை வழங்கப்படவில்லை. 1990இல் கிருட்டிணகுமார் வழக்கில் அதே நீதிமன்றம், வைப்பு நிதி பெற்று ஓய்வுற்ற இருப்புப்பாதைப் பணியாளர் வேறொரு வகுப்பினர் எனக் கூறி, முந்தைய தீர்ப்பின் பரப்பிற்கு எல்லை வகுத்தது.

மூன்றாவது வரம்பு 2004 சனவரி 1. படைத்துறையினர் நீங்கலாக, அந்நாள் முதல் நடுவணரசுப் பணியிற் சேர்ந்தார்க்கு வரையறுத்த ஓய்வூதியம் நீங்கி, பங்களிப்பு முறை வந்தது. தமிழ்நாட்டரசு 2003 ஏப்பிரல் 1 முதலே இத்தகைய முறையை மேற்கொண்டது. வரம்பிற்கு முன் விளம்பரப்படுத்திய பதவிக்குத் தேர்வு பெற்றும், பணியமர்த்தல் தாமதமானமையால் சிலர் புதிய முறைக்குட்பட்டனர். தாமதம் அவர் செயலன்று, இழப்போ அவரதாயிற்று. 2003 திசம்பர் 22க்கு முன் அறிவிக்கப்பட்ட பதவிகளில் அமர்ந்த நடுவணரசுப் பணியாளர் பழைய முறையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு 2023 மார்ச்சில்தான் கிட்டியது. 2025 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 ஆண்டு பணியாற்றியார்க்கு இறுதி 12 திங்கள் அடிப்படை ஊதியச் சராசரியிற் பாதியை உறுதி செய்கிறது.

எவ்விதியும் ஏதேனும் ஒரு நாளில் தொடங்கியே தீரவேண்டும் என்பர். அரசின் கருவூலத்திற்கும் எல்லை உண்டு. இவை மறுக்கற்பாலன அல்ல. ஆயினும், ஒரு பயன் எந்நாள் முதல் கிடைக்கும் என்பது வேறு. அப்பயனுக்கு உரியார் யாவர் என்பது வேறு. முன்னதை நாள் தீர்மானிக்கலாம். பின்னதைப் பணியின் இயல்பே தீர்மானித்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றாகக் கொள்ளப்பட்ட போதெல்லாம் முறையீடு எழுந்தது என்பதே மேற்காட்டிய வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.